பிறேக் இல்லாத பக்கத்துச் சீற்

ஒரு கார்ச் சாரதி என் மகனின் காதைத் திருகியதால்தான் நான் டென்மார்க்குக்குப் போக நேர்ந்தது.

காது திருகப்பட்டபோது சிவத்துக்குப் பத்து வயது. ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வந்து இறங்கியது ஒரு அமெரிக்கக் காரில். அதன் பின்பக்கத்தில், பறக்கப்போவது போல இரண்டு செட்டைகள். சிவம் ஒரு செட்டையைத் தடவிப் பார்த்தான். சாரதி ஓடிவந்து காதைத் திருகினான். வேறு பிள்ளை என்றால் அழுதுவிட்டு மறந்திருக்கும். இவன் அழவும் இல்லை, மறக்கவும் இல்லை.

முப்பது வருடம் கழிந்தது. லண்டனில் தபால் பிரிக்கும் வேலை, வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டன. செட்டை மட்டும் வரவில்லை. அப்போதுதான் என் தங்கையின் மகன் யோகனிடம் இருந்து கடிதம் வந்தது. அவன் நாட்டுப் பிரச்சினையில் புறப்பட்டு, டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊரில் ஒரு வருடமாக இருந்தான்.

"அண்ணை, இஞ்ச ஒரு மனுசியின்ர மாட்டுக் கொட்டிலுக்குள்ள ஒரு கப்பல் நிக்குது. செட்டை வைச்ச கப்பல். விக்கப்போறாவாம்" என்று எழுதி, பக்கத்தில் பேனையால் படமும் கீறியிருந்தான். எனக்கு அது பாரை மீன் போல இருந்தது. சிவம் அந்தப் படத்தை மடித்து வேலைக்குக்கூடக் கொண்டுபோனான்.

லண்டனில் பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். சிவம் அங்கே போய் எல்லாம் விசாரித்தான். அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். இங்கிலாந்தில் ஓடுவதும் தெருவின் இடது பக்கம். முன்னால் ஒரு லொறி போனால் சாரதிக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலது பக்கம் ஒருவர் இருந்து, எட்டிப் பார்த்து, போகலாம், போகாதே என்று சொல்ல வேண்டுமாம். வருவதாக இருந்த நண்பருக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகள் வசந்தி வரமாட்டேன் என்றுவிட்டாள். மிஞ்சியது நான்.

வசந்திக்கும் சிவத்துக்கும் ஏற்கெனவே ஒரு பேச்சு நடந்திருந்தது. ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். வெறுங்கையோடு வந்தால் அவன் இனிச் சாகும்வரை கார்க் கதை எடுக்கக்கூடாது. புறப்படும் நாளில் அவள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"மாமி, அந்தக் காரை எங்கட வாசல்ல விட்டா பக்கத்து வீட்டுக்காரன்ர வாசலையும் சேத்து மறைக்கும். பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்குமாம். ஒரு ஆணி உடைஞ்சாலும் அமெரிக்காவில இருந்து வரோணும். நான் சொன்னாக் கேக்கமாட்டார். நீங்க ஒருக்கா, 'தம்பி, வேண்டாம்' எண்டு சொன்னாக் காணும். சொல்லுவீங்கள் தானே?"

"ஓம்" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து சிவம் வந்தான். "அம்மா, நீங்க வலப்பக்கம் இருந்து ரோட்டைப் பாத்துச் சொன்னாக் காணும். சொல்லுவீங்கள் தானே?"

"ஓம்" என்றேன்.

எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். கப்பலில் வாந்தி வந்தால் மணப்பதற்கு என்று வசந்தி எலுமிச்சை என்பார்களே, அந்தத் தேசிக்காய் ஐந்தை என் கைப்பையில் போட்டுவிட்டாள்.

விசா எடுத்த கதையை எழுதினால் வேறு ஒன்றும் எழுத இடம் இருக்காது. ஆகையால் நேரே கப்பலுக்கு வருகிறேன். ஒரு பகலும் ஓர் இரவும் கடல். ஒரு தேசிக்காய் முதல் மூன்று மணித்தியாலத்திலேயே முடிந்தது. கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் நீண்ட மேசை போட்டு, அதில் பச்சை மீனைச் சீனியும் வினாகிரியும் விட்டு அடுக்கியிருந்தார்கள். சிவம் தட்டை நிரப்பினான். நான் ஒரு மூலையில் இருந்து, வசந்தி கட்டித்தந்த இடியப்பப் பார்சலைத் திறந்தேன்.

எதிரே ஒரு டேனிஷ் லொறிச் சாரதி. ஆள் கதவளவு. சம்பல் வாசம் அவருடைய மூக்கைத் திருப்பியது. என்ன செய்வது என்று தெரியாமல் ஓர் இடியப்பத்தில் சம்பலை வைத்து அவர் பக்கமாகத் தள்ளினேன். அவர் அதை ஒரே வாயில் போட்டார். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடி, "தக்" என்றார். அங்கே நன்றிக்கு அதுதான் சொல். பிறகு பையில் கைவிட்டு எனக்கு ஒரு கறுப்பு மிட்டாய் தந்தார்.

வாயில் போட்டேன். இனிக்கவில்லை. உப்பு. உப்பென்றால் கடல் உப்பும் இல்லை, ஆஸ்பத்திரிக் கசாயத்தில் உப்புப் போட்டது போல ஒன்று. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்ப வழி இல்லை. விழுங்கிவிட்டு, "தக்" என்றேன். அவர் மகிழ்ந்துபோய் இன்னொன்று தந்தார்.

விபோர்க்கில் யோகன் ரயிலடிக்கு வந்திருந்தான். மெலிந்துபோயிருந்தான். என்னைக் கண்டதும், "பெரியம்மா!" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு, உடனே சுற்றும்முற்றும் பார்த்தான். "இஞ்ச ஆரும் உப்பிடிச் சத்தம் போட மாட்டினம்" என்றான். அவனுடைய அறையில் சோறும் கோழிக்கறியும் சமைத்து வைத்திருந்தான். கோழி வேகவில்லை. நல்ல கறி என்று சொல்லிச் சாப்பிட்டோம். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் யன்னலால் வந்துகொண்டிருந்தது. எப்போது விளக்கு வைத்துக் கும்பிடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் காலை கார்க்கார அம்மாவின் ஊருக்கு பஸ் எடுத்தோம். சிவமும் யோகனும் பின்னால் போய் இருந்துவிட்டார்கள். முன்னால் ஒரு பெண், அவருக்குப் பக்கத்துச் சீற்றில் ஒரு நாய். வேறு இடம் இல்லை. நாயை எழுப்பச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் புறப்படவில்லை. சாரதி கண்ணாடியில் பார்த்தார். எல்லோரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். லண்டனில் என்றால் நான் கம்பியைத் தேடிப் பிடிப்பதற்குள் பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் என்றால் கொண்டக்டர், "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளியிருப்பான். இங்கே பஸ் சும்மா நின்றது. எனக்கு வியர்த்தது. கடைசியில் சாரதி எழுந்துவந்து, என் காதுக்குள் ரகசியம் சொல்வது போல எதையோ சொன்னார்.

பின்னால் இருந்து யோகன் கத்தினான். "பெரியம்மா, வயசான ஆக்கள் நிண்டா பஸ் எடுக்கமாட்டாராம். இருக்கட்டாம்!"

அதைக் கேட்டு நாய் கீழே குதித்தது. நாய்க்கு இருந்த விளக்கம் எனக்கு இருக்கவில்லை. சூடான சீற்றில் இருந்தேன். இறங்கும்வரை அது என் காலில் தாடையை வைத்துக்கொண்டு வந்தது.

வழி நெடுக மஞ்சள் பூ வயல்கள். கார்க்கார அம்மாவுக்குப் பெயர் இங்கர். கணவர் பௌல் இறந்து இரண்டு வருடம். வாசலில் ஏப்பிரனோடு நின்றார். நல்ல உயரம். வயது என் அளவு இருக்கும். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தார். நானும் நிலத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நிலத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். என்னைப் போலவே ஒரு மனுசி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

காரைக் காட்டவில்லை. முதலில் கோப்பி. மேசையில் ஆறு விதமான கேக்கும் பிஸ்கட்டும். நான் கோப்பி குடிப்பதில்லை. ஆனால் தந்ததை மிச்சம் விடுவது மரியாதை இல்லை என்று முழுதும் குடித்தேன். கோப்பையை வெறுமையாக விடுவது அவருக்கு மரியாதை இல்லைப்போல. உடனே நிரப்பினார். குடித்தேன். நிரப்பினார். ஐந்தாவது கோப்பையில் என் நெஞ்சு தவில் அடித்தது.

யோகன் குனிந்து, "பெரியம்மா, கொஞ்சம் மிச்சம் விடுங்கோ, நிப்பாட்டுவா" என்றான்.

"இதை முதலே சொல்லுறதுக்கென்ன?"

"நீங்க விரும்பிக் குடிக்கிறியள் எண்டு நினைச்சன்."

பிறகு கொட்டிலுக்குப் போனோம். இங்கர் ஒரு பெரிய துணியை இழுத்தார். கார் வெளிப்பட்டது, வெளிப்பட்டது, இன்னும் வெளிப்பட்டது. அவ்வளவு நீளம். இளம் பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு சிரிப்பது போல வெள்ளிக் கம்பிகள். பின்னால் இரண்டு செட்டை. பௌல் வாலிபத்தில் அமெரிக்காவில் மரவேலை செய்து, திரும்பி வரும்போது வேறு ஒரு சாமானும் கொண்டுவராமல் இதை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவராம்.

நாற்பது வயதுச் சிவம் மெல்ல நடந்து பின்பக்கம் போனான். ஒரு கையால் செட்டையைத் தடவினான். மற்றக் கை தானாகவே காதுக்குப் போனது.

"தம்பி, வேண்டாம்" என்று நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் திறந்தேன். காதைப் பொத்திக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் இங்கர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் போல இருந்தது. ஏற்கெனவே மூன்று பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு எஞ்சின் மட்டும் வேண்டுமாம். ஒருவர் பந்தயத்தில் ஓடப்போகிறாராம். ஒருவர் நடுவில் வெட்டி, சாப்பாட்டுக் கடையில் மேசையாகப் போடப்போகிறாராம். மூன்று பேரையும் இங்கர் கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

"விக்கிறன் எண்டு சொன்னது உண்மைதானாம். ஆருக்கு எண்டு சொல்லேல்லையாம்" என்றான் யோகன்.

சிவம் பயந்துபோனான். இரண்டு நாளில் கப்பல். கால் மணித்தியாலம் நின்று பேசினான். காரை ஒரு நாளும் மழையில் விடமாட்டேன், ஒரு கம்பிகூட மாற்றமாட்டேன், பிள்ளை போலப் பார்ப்பேன், பத்து வயதில் ஒரு கல்யாணத்தில் நடந்தது இது என்று எல்லாவற்றையும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த யோகன் இங்கரைப் பார்த்து நாலே நாலு சொல் சொன்னான்.

"டேய், என்னடா சொன்னனீ?"

"நல்ல மனுசன் எண்டு சொன்னனான்."

"மிச்சம்?"

"மிச்சத்துக்கு எனக்கு இன்னும் டேனிஷ் வரேல்லை, அண்ணை. அது அடுத்த வகுப்பு."

இங்கர் நெடுநேரம் ஏப்பிரனில் கையைத் துடைத்தார். நாளைக்கு வந்து ஓடிக் காட்டட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.

அன்று பின்னேரம் யோகனின் அறையில் சிவம் சாப்பிடவில்லை. "இது இல்லாட்டி இனி இல்லை, அம்மா" என்று மட்டும் சொன்னான். நான் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். பிள்ளையாரே, அந்த அம்மா தரக்கூடாது என்று முதலில் கேட்டேன். வசந்திக்குச் சொன்ன சொல் இருக்கிறதே. உடனே அவன் காதைப் பொத்திய கை ஞாபகம் வந்தது. தந்தாலும் தரட்டும் என்றேன். பிறகு வசந்தியின் முகம். பிள்ளையாருக்கே என்ன செய்வது என்று விளங்கியிருக்காது.

காலையில் ஓடிக் காட்டப் போனோம். சிவம் இடது பக்கம் ஏறினான். இங்கர் என் தோளைத் தொட்டு, முன்னால் வலது பக்கத்துச் சீற்றைக் காட்டினார். அவர் யோகனோடு பின்னால் ஏறினார். முன் சீற் ஒரே நீட்டாக, வாங்கு போல. எனக்கும் சிவத்துக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம்.

கார் முனகிக்கொண்டு படலையைத் தாண்டியது. தாண்டியதும் சிவம் பதினைந்து வருட லண்டன் பழக்கத்தில் தெருவின் இடது பக்கத்தைப் பிடித்தான். டென்மார்க்கில் வலது பக்கம்தான் ஓட வேண்டும். எதிரே ஒரு பால் லொறி.

நான் சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் வராது. இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டி வலது காலால் நிலத்தை மிதித்தேன். என் பக்கத்தில் பிறேக் ஏது? ஆனாலும் மிதித்தேன். சிவம் ஸ்டியரிங்கை வெட்டினான். பால் லொறி கோன் அடித்துக்கொண்டு உரசாமல் போனது.

பிறகு வந்த ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன். ஒரு சைக்கிள்காரர் வந்தார், மிதித்தேன். மாடு ஒன்று வேலிக்கு உள்ளேதான் நின்றது, அதற்கும் மிதித்தேன். இந்த ஓட்டத்துக்கு இங்கர் தரமாட்டார். கார் போய்விட்டது, வசந்தி வென்றுவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோசம் வரவில்லை.

முற்றத்துக்கு வந்து சிவம் எஞ்சினை நிறுத்தினான். அவனுடைய சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது. அப்போது பின்னால் இருந்து ஒரு விக்கல் போலச் சத்தம் கேட்டது. இங்கர் அழுகிறார் என்று பயந்து திரும்பினேன். அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். சீற்றுக்கு மேலால் எட்டி, என் காலைக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். கார் முழுதும் தடித்த பச்சைக் கம்பளம். என் வலது கால் இருந்த இடத்தில் மட்டும் கம்பளம் இல்லை. தேய்ந்து, நூல் விட்டு, ஒரு பாத அளவுக்கு இரும்பு தெரிந்தது. என் கால் அந்தக் குழிக்குள் அளவெடுத்தது போல இருந்தது.

இங்கர் பேசத் தொடங்கினார். அவ்வளவு பேசுவார் என்று யோகனும் நினைக்கவில்லை. அவனுக்கும் எங்கிருந்தோ டேனிஷ் வந்துவிட்டது.

"பௌல் இந்தக் காரைக் கொண்டுவந்த நாளில இருந்து இவதான் அந்தச் சீற்றில இருந்து பிறேக் பிடிச்சவவாம். இருபத்தஞ்சு வருசம். பௌல் ஒரு நாளும் ஒரு இடத்திலயும் இடிச்சதில்லையாம். தன்ர ஓட்டம்தான் திறம் எண்டு நினைச்சுக்கொண்டே மனுசன் செத்துப்போச்சாம்."

இங்கர் இன்னும் ஏதோ சொன்னார்.

"அண்ணைக்கு ஓடத் தெரியாதாம்."

சிவம் தலையைக் குனிந்தான்.

"அது பரவாயில்லையாம். பௌலுக்கும் தெரியாதாம். பிறேக் பிடிக்க ஆள் இருக்கிறபடியால் தாறாவாம். ஆனா ஒரு கட்டளை. அந்தச் சீற் ஒரு நாளும் வெறுமையா ஓடக்கூடாதாம். ஒரு பொம்பிளை இருக்கோணுமாம்."

"அம்மா இருப்பா!" என்று சிவம் கத்தினான்.

இங்கர் என்னைப் பார்த்தார். நான் "ஓம்" என்றேன். தடுக்கச் சொல்லி அனுப்பப்பட்டவள், காலாலே காரை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் புறப்பாடு. எவ்வளவு பழசானாலும் எங்களுக்கு அது புது வாகனம். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, நசித்துக்கொண்டு போனால்தான் கண்ணூறு கழியும். வாந்திக்கு என்று வசந்தி தந்ததில் நாலு மிச்சம் இருந்தது. சில்லும் நாலு. சிவமும் யோகனும் வீட்டுக்குள் இங்கரிடம் காசைக் கொடுத்துப் பத்திரங்களை வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒருவருக்கும் சொல்லாமல் ஒவ்வொரு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொன்றை வைத்துவிட்டு, கிணற்றுப் பக்கம் போய் நின்றேன்.

இங்கர் வெளியே வந்தார். தேசிக்காய்களைக் கண்டார். என் பையில் இருந்து உருண்டவை என்று நினைத்தார் போலும். குனிந்து நாலையும் பொறுக்கி, குழாயில் கழுவி, ஏப்பிரனால் துடைத்து, கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"தக்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் உள்ளே போனதும் திரும்ப வைத்தேன். உதிரிப் பாகங்கள் அடங்கிய ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பெட்டியை வைத்துவிட்டு, தேசிக்காய்களைப் பொறுக்கினார். கழுவினார். துடைத்தார். தந்தார். "தக்" என்றேன். மூன்றாம் தடவை ஒரு சின்னக் கடதாசிப் பையும் கொண்டுவந்து, அவற்றை அதற்குள் போட்டு, வாயைச் சுருட்டித் தந்தார். இந்த அம்மாவின் சாமான்கள் ஏன் இப்படி ஓயாமல் உருளுகின்றன என்று அவருக்குக் கவலையாக இருந்திருக்கும்.

சிவம் எஞ்சினைக் கிளப்பிவிட்டான். "அம்மா, ஏறுங்கோ, கப்பல் போயிடும்!" நான் மடியில் கடதாசிப் பையோடு ஏறி இருந்தேன். கதவையும் சாத்திவிட்டேன். தேசிக்காய் நசியாமல் இந்தக் கார் எப்படிக் கடல் தாண்டப் போகிறது? இரண்டு செட்டையையும் பார்க்கிறவர்கள் எல்லோரும் கண் வைப்பார்களே. இருக்க முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். நேரே போய் இங்கரின் கையைப் பிடித்தேன். அந்நிய மனிசரின் கையை நானாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு தேசிக்காயை அவர் கையில் வைத்தேன். இரண்டை நான் எடுத்தேன். முன்சில்லுக்குக் குனிந்து என்னுடையதை வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பின்சில்லு இரண்டுக்கும் அச்சு வைத்தது போல நேராக வைத்தார்.

நான் ஏறியதும் கார் நகர்ந்தது. சடக், சடக், பிறகு இன்னும் இரண்டு சடக். இங்கர் "ஓ!" என்று கன்னத்தில் கை வைத்தார். தாங்க முடியாமல் ஓடிப்போய் வாளியும் தும்புத்தடியும் கொண்டுவந்து முற்றத்தைக் கழுவத் தொடங்கினார்.

சிவம் படலையடியில் நிறுத்திக் காத்திருந்தான். கழுவி முடித்துவிட்டு அவர் தன் பங்குக்குக் கொடிமரத்தில் கொடி ஏற்றினார். அங்கே வீட்டுக்கு வீடு கொடிமரம் உண்டு. "பிறந்தநாள், கல்யாணம் எண்டா உச்சிக்கு ஏத்துவினம். செத்தவீடு எண்டா அரைவாசியில விடுவினம்" என்று யோகன் முதல்நாள் சொல்லியிருந்தான். கொடி சரியாக அரைவாசியில் வந்து நின்றுவிட்டது. இங்கர் கயிற்றை ஒரு உலுக்கு உலுக்கினார். கொடி உச்சிக்குப் போனது. அவர் கொடியைப் பார்க்கவில்லை. செட்டையைப் பார்த்துக்கொண்டு, ஏப்பிரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். படலைக்கு வெளியே வளைவில் நான் மிதித்தேன். அவரும் முற்றத்தில் நின்று மிதித்திருப்பார்.

துறைமுகத்தில் யோகன் இறங்கிக்கொண்டான். கார்களை ஏற்றுகிறவர் எங்கள் நீளத்தைப் பார்த்துவிட்டு, லொறிகளின் வரிசைக்குப் போகச் சொன்னார். இந்தத் தடவை எனக்கு வாந்தி வரவில்லை. மணக்கத் தேசிக்காயும் இருக்கவில்லை.

இங்கிலாந்தில் இறங்கியதும் சுங்க அதிகாரி பழக்கத்தில் வலது பக்கம் வந்து, என்னிடம் பத்திரங்களைக் கேட்டார். பிறகுதான் எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை என்பதைக் கண்டார். சிவம் எட்டிக் கொடுத்தான். வரி, பதிவு, லைற் மாற்ற வேண்டும், சோதனைக்கு விட வேண்டும், புது நம்பர்த் தகடு போட வேண்டும் என்று அவர் ஒரு கட்டுக் கடதாசி தந்தார். தந்துவிட்டு, மெதுவான குரலில், ஒரு நிமிடம் உள்ளே இருந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

தெருவில் ஏறிக் கொஞ்சத் தூரத்தில் முன்னால் ஒரு உழவு இயந்திரம். பின்னால் வைக்கோல் பெட்டி. மலையளவு.

"அம்மா, போகலாமோ?"

எட்டிப் பார்த்தேன். தெரு வெறுமை. ஆனால் போ என்று நான் சொல்லி ஏதாவது வந்துவிட்டால்?

"ம்..."

"ம் எண்டா என்ன? ஓமோ, இல்லையோ?"

ஒரு வளைவு போனது. "இப்ப, அம்மா?" "ம்." எங்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கார்கள் சேர்ந்துவிட்டன. கோன் அடித்தார்கள். இவ்வளவு காலமும் ஓம், ம் என்ற இரண்டையும் வைத்தே குடும்பம் நடத்தியவள் நான். திரும்ப எட்டிப் பார்த்தேன். நேர்த் தெரு. காகம்கூட இல்லை.

"போ!" என்றேன். எனக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. "போடா தம்பி, போ, போ!"

கார் எழுந்து பறந்தது. உழவு இயந்திரக்காரர் திரும்பிப் பார்த்தார். சாரதி இருக்க வேண்டிய பக்கத்தில் சேலை உடுத்த ஒரு கிழவி, கையில் ஸ்டியரிங் இல்லாமல், வாயைத் திறந்து கத்திக்கொண்டு தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டார். தொப்பியைக் கழற்றினார்.

வீட்டு வாசலில் வசந்தி நின்றாள். கார் எங்கள் வாசலையும் மறைத்து, பக்கத்து வீட்டு வாசலையும் மறைத்தது. அவள் சொன்னது அப்படியே சரி. காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாமி, நான் என்ன சொல்லி விட்டனான்?"

"தேசிக்காய் நல்லா உதவினது, பிள்ளை" என்றேன்.

பத்து நாள் அவள் காரோடும் கதைக்கவில்லை, சிவத்தோடும் கதைக்கவில்லை. காரைச் சோதனைக்குக் கொண்டுபோனபோதும் பக்கத்துச் சீற்றில் நான்தான். சோதனை முடிந்து, நம்பர்த் தகடும் போட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகப் புறப்பட்டோம். சிவம் எனக்கு முன்கதவைத் திறந்தான்.

"இல்லை" என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் பிள்ளையளோட பின்னுக்கு இருக்கிறன். அது வசந்தியின்ர சீற்."

அவள் முகத்தை நீட்டிக்கொண்டு ஏறினாள். இரண்டு தெரு தாண்டவில்லை, மூலையில் ஒரு பஸ் திரும்பியது. "ஐயோ, பாத்து!" என்றாள் வசந்தி. நான் சீற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அவளுடைய வலது கால் இங்கரின் குழிக்குள் அழுந்தி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளும் குனிந்து பார்த்தாள். "இதென்ன, கம்பளம் ஓட்டையாக் கிடக்கு? மாத்தோணும்."

"அதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றேன். சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல. சிவம் காரை ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"ரோட்டைப் பாருங்கோ!" என்றாள் வசந்தி. "ரோட்டைப் பாரடா!" என்றேன் நான். முன்னால் அவளும் பின்னால் நானும் ஒன்றாக மிதித்தோம்.